இந்தப் பொங்கலுக்குப் பாடாத பாட்டு

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த ஊரில் பாட்டு கூரையிலிருந்து வருகிறது. கடையில் உருளைக்கிழங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே யாரோ பனியைப் பற்றியும் பிறந்த குழந்தையைப் பற்றியும் பாடுகிறார்கள். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அயர்லாந்துக்கு வந்த முதல் வருடம் நான் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கிருந்து வருகிறது என்று தேடியிருக்கிறேன். எங்கள் ஊரான கொல்லிமலையில் பாட்டு என்றால் பாடுகிற வாயும் தட்டுகிற கையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். யார் பாடினார்கள், யாரைப் பாடினார்கள் என்பது மறுநாள் சந்தைவரைக்கும் பேச்சாக இருக்கும். இங்கே ஆளில்லாத பாட்டு ஒரு மாதம் மழைபோலக் கொட்டிவிட்டு, பண்டிகை முடிந்த மறுநாளே நின்றுவிடுகிறது.

நான் வேலை செய்வது மேற்குக் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் உள்ள முதியோர் இல்லத்தில், நர்ஸாக. கிறிஸ்துமஸ் வாரத்தில் டே ரூம் என்கிற பொதுக்கூடத்தில் எல்லோரையும் சக்கர நாற்காலிகளில் வட்டமாக உட்கார வைத்துப் பாட வைப்போம். சற்றுமுன் சாப்பிட்டது மறந்து போனவர்களுக்குக்கூடப் பழைய பாட்டின் அடி தவறாது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மட்டும் பாடுகிற ஒரு வேடிக்கைப் பாட்டு உண்டு. பண்டிகைக்குத் தாய்வீட்டுக்குப் போகக் கிளம்பும் மனைவி தன் செருப்பைத் தேடுகிறாள். புருஷன் ஒளித்து வைத்திருக்கிறான். அடுப்பில் தேடு, கிணற்றில் தேடு என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லி அலைய விடுகிறான். கடைசியில் பனி மூடி வழி அடைந்துபோகிறது, அவள் அழுதுகொண்டே வாத்துக் கறி சமைக்கிறாள். ஒவ்வொரு அடி முடியும்போதும் ஆண்கள் மேசையைத் தட்டுவார்கள். போன டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். பெரியவர்களுக்குப் பாட்டும் விளையாட்டும் நடத்துகிற எங்கள் ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர், ஈஃபா என்கிற இளம்பெண். ஒரு பெண்ணை வீட்டில் அடைத்து வைப்பதைச் சிரித்துக்கொண்டே பாட இனி முடியாது என்றாள். முன்னாள் விவசாயி ஒருவர், சும்மா விளையாட்டுக்குத்தானே என்று முணுமுணுத்தார். பெண்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஈஃபாவைப் பிடித்துப் போயிற்று. இப்படி ஒருத்தி நம் ஊரில் இல்லையே என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நோரா என்கிற மூதாட்டி என் கையைப் பிடித்து, "செருப்பு எங்கே போயிற்று?" என்று கேட்டார். நான் அவருடைய அலமாரியிலிருந்து செருப்பை எடுத்து வந்து, கால் வீங்கியிருந்ததால் மெல்ல மெல்ல மாட்டிவிட்டேன். அவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இல்லை, கண்ணே" என்றார். வேறு ஜோடியைக் கொண்டுவந்தேன். அதற்கும் தலையை ஆட்டினார். அவர் கேட்டது பாட்டை என்று எனக்கு உறைத்தபோது என் ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் ஏறிவிட்டிருந்தேன். மறதி நோய்க்காரர், மறுநாள் மறந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினேன்.

சேந்தமங்கலத்தில் பேருந்து மாறி, காரவள்ளியில் மலையடிவாரக் கடையோரம் வண்டி நின்றபோது நான் வழக்கம்போல அந்தப் பக்கம் பார்த்தேன். என் அக்கா பூவாயியை மடக்கிப் பிடித்தது அங்கேதான். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை, ஏனென்றால் அது பொங்கல் கும்மியில் பாட்டாக இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். அக்கா என்னைவிட மிகவும் மூத்தவள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தாய்மாமன் மகன் சின்னச்சாமிக்கு அவளைக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் வேண்டாம் என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒருநாள் விடியும் முன்னே எழுந்து, கொண்டையூசி வளைவுகள் வழியாக மலையிறங்கி, நாமக்கல் போகும் பேருந்துக்காகக் காரவள்ளியில் நின்றாள். அப்பாவும் சின்னச்சாமியும் லாரி வைத்திருந்த வெள்ளையனோடு போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மலைமேல் உள்ள செம்மேட்டுக் கடைகளுக்கு உப்பு ஏற்றிவந்த லாரி அது. அவள் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் வந்து இறங்கினாள். எனக்கு நினைவிருப்பது அவள் கால்களில் ஒட்டியிருந்த செம்மண்ணும், அதற்குப் பிறகு பல நாள் அவள் கையைத் தூக்கித் தலை சீவிக்கொள்ளாமல் அம்மாவிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்ததும்தான்.

அடுத்த பொங்கலுக்குள் கல்யாணம் முடிந்திருந்தது. வெள்ளையன் வேடிக்கையாகப் பேசத் தெரிந்த ஆள். மாட்டுப் பொங்கலன்று கும்மிக்கு அவன் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தான்.

சேவக் கூவும் நேரத்துல செம்மேட்டு ரோட்டோரம்
பூவாயி போனாளே பொடிநடையாப் போனாளே

என்று தொடங்கும். ஊரே சிரித்தது. அக்காவும் அந்த வட்டத்தில் நின்று தட்டினாள் என்று சொல்வார்கள். சில வருடங்களில் அவளே முன்பாட்டு பாட ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி முன்னால் ஓரடி பாட, மற்றவர்கள் பின்னால் அதையே திருப்பிப் பாடுவது எங்கள் வழக்கம். "அவளே பாடறா, அப்பறம் என்ன" என்று எல்லோரும் சொல்வார்கள். பழசை மறந்துவிட்டாள், குடும்பம் அமைந்துவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. நானும் சிறுமியாக அவள் பின்னால் நின்று பாடியிருக்கிறேன். அதில் கயிறு கட்டி இழுத்து வந்ததாக நாலடியில் ஒரு கண்ணி வரும். பாட்டென்றால் கூட்டிச் சொல்வதுதான், கயிறெல்லாம் எதுகைக்காகச் சேர்த்தது என்று நாங்கள் நம்பினோம். அப்பா என்னைக் கல்யாணத்துக்கு வற்புறுத்தவில்லை. சேலத்தில் நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றபோது, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தார். அவர் அப்படி ஏன் மாறினார் என்று நான் யோசித்ததில்லை.

இந்த முறை ஊருக்குப் போனபோது அக்காவின் மகள் நதியா காத்திருந்தாள். சேந்தமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். போன பொங்கலில் யாரோ கும்மியை செல்போனில் படம் எடுத்து அனுப்ப, அது ஊர் ஊராகப் போய், கடைசியில் அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டது. கூட வேலை செய்கிற ஒருத்தி அதை அவளிடமே காட்டி, "உங்க மலையில பொண்ணைக் கட்டித் தூக்கிட்டு வர்றதைப் பாடிக் கும்மி அடிப்பாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் படத்துக்குக் கீழே சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டிருந்தார்களாம். முன்னால் நின்று பாடுவது தன் அம்மா என்று நதியா சொல்லவில்லை. "சொல்ல முடியல சின்னம்மா. பாத்ரூம்ல போயி நின்னுட்டேன்" என்றாள்.

போகிக்கு முந்தின நாள் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் நடந்தது. நதியாவும் அவள் வயதுப் பெண்கள் ஐந்தாறு பேரும் எழுந்து, இந்த வருடம் முதல் அந்தப் பாட்டு வேண்டாம் என்றார்கள். வெள்ளையனுக்கு இப்போது முழுக்க நரைத்துவிட்டது. அவர்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்க, வெளையாட்டுக்குப் பாடறதுங்க. அதுல போயி என்ன குத்தம் கண்டீங்க?"

"உங்களுக்கு வெளையாட்டுங்க. எங்கம்மாளுக்கு?" என்றாள் நதியா.

"உங்கம்மாதான கண்ணு முன்பாட்டே பாடறா."

"பாடாம என்ன செய்வாங்க? நீங்க அத்தன பேரும் சிரிக்கறப்ப அவங்களும் சிரிச்சுத்தான ஆகோணும்."

நான் எழுந்து அயர்லாந்துக் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரர்களே தங்கள் பழைய பண்டிகைப் பாட்டைத் திரும்பிப் பார்த்து நிறுத்துகிறார்கள், காலம் மாறிவிட்டது, ஒரு பெண்ணின் கண்ணீரை வைத்து நாம் ஏன் கை தட்ட வேண்டும் என்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அப்போது அக்காவின் கணவர் சின்னச்சாமி மாமா, தலையை நிமிர்த்தாமல், "அது வேண்டாங்க. நிறுத்திருங்க" என்றார். ஊரே அவரைப் பார்த்தது. இத்தனை வருடம் கழித்து இந்த மனிதருக்கும் மனசாட்சி வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரோ, "பூவாயி, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்கள். அக்கா பெண்கள் பக்கத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். "புள்ளைங்க சொல்றாப்பலயே செய்யுங்க" என்றாள். சொல்லிவிட்டு, அடுப்பில் கிழங்கு வேகுது என்று போய்விட்டாள்.

மாட்டுப் பொங்கலன்று மாலை கும்மி நடந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் தினை விளைந்ததைப் பாடினார்கள், மாட்டைப் பாடினார்கள், நதியாவின் தோழி ஒருத்தி படிக்கப் போகும் பெண்ணைப் பற்றிப் புதிதாகக் கட்டிய பாட்டைப் பாடினாள். வழக்கமாக அக்காவின் பாட்டு வருகிற இடத்தில் ஒரு நொடி எல்லோர் கையும் தயங்கியது. பிறகு வேறொன்றை எடுத்தார்கள். அக்கா வட்டத்துக்கு வெளியே நின்றாள். அவள் கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. மாமா அன்று கடைசிவரை உட்கார்ந்து கும்மி பார்த்தார். மற்ற வருடங்களில் அவர் பாதியில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து நானும் அக்காவும் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தோம். மாமா சந்தைக்குப் போயிருந்தார்.

"மனசு லேசாச்சாக்கா?" என்றேன்.

"எதுக்கு?"

"இனிமே அந்தப் பாட்டு இல்லையே."

அவள் ஒரு கொத்தை உதிர்த்து முடித்து, காம்பை ஓரமாகப் போட்டாள். "அதுல கயித்துக் கண்ணி ஒன்னு வருமில்ல, கண்ணு. அது நான் கட்டுனது."

எனக்குப் புரியவில்லை. அவள் மிளகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளையன் கட்டுனதுல கயிறே கெடையாது. கண்டக்டருதான் இருந்தான். காரவள்ளி கடையோரம் கண்டக்டரு காத்திருந்தான், காப்பித்தண்ணி வாங்கித் தந்தான்னு பாடுனாங்க. அப்படி ஒரு ஆளே இல்ல. நான் தனியாத்தான் நின்னேன். நாமக்கல் போயி, ஆஸ்டல்ல சேத்துக்கங்கன்னு கேக்கலாம்னு நின்னேன். அந்தப் பாட்டக் கேட்டுட்டு ஊருல ஒவ்வொருத்தியும் கண்டக்டரு எந்த ஊருன்னு கேட்டா. வயித்துல புள்ள இருந்துச்சு எனக்கு."

"அப்புறம்?"

"முன்பாட்டு பாடறவ என்ன சொல்றாளோ, அதத்தான பின்னாடி நிக்கறவங்க சொல்லோணும். அது தெரிஞ்சுதான் நான் முன்னால போயி நின்னேன். மொதல்ல கண்டக்டர எடுத்தேன். யாரும் கேக்கல. அடுத்த வருசம் உங்க மாமன் பேர வெச்சேன். சிரிச்சாங்க. அப்பறம் வெள்ளையன் பேரு. அவனும் சிரிச்சான். அவன் கட்டுனதுன்னே அவனுக்கு நெனப்பு. அப்பா பேர வெக்கறதுக்குத்தான் நாளாச்சு."

அவள் சொல்லச் சொல்ல அந்தக் கண்ணி எனக்குள் ஓடியது. சிறுமியாக நான் குனிந்து நிமிர்ந்து பாடிய அதே அடிகள்.

காரவள்ளி கடையோரம் கையப் புடிச்சது சின்னச்சாமி
கத்தயிலே காலப் புடிச்சது வண்டிக்கார வெள்ளையன்
கயித்தக் குடுத்து நின்னது கண்ணான பெத்தவரு
வேண்டான்னு சொன்னவள வெலங்காட்டம் ஏத்துனாங்க

"அப்பா கேட்டாரா அக்கா?"

"கேட்டாரு. சாகற வரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டாரு. அந்த அடி வந்ததும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாரு. எங்கிட்ட ஒன்னும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல." அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டு, "உன்ன அவரு கட்டிக்கச் சொல்லி வற்புறுத்தல பாத்தியா" என்றாள்.

மாமா கூட்டத்தில் ஆண்களில் முதல் ஆளாக வேண்டாம் என்றது எனக்கு இப்போது வேறாகக் கேட்டது. நதியாவுக்குத் தன் அம்மாவைப் பற்றி ஊர் கட்டிய ஏளனமாகத் தெரிந்த அந்த அடிகள், பள்ளிக்கூடத்தில் அவளைக் கூனிக்குறுக வைத்த அந்த அடிகள், அவள் அம்மா ஒவ்வொரு சொல்லாக உள்ளே நுழைத்தவை. நடந்ததை நடந்தபடி சொன்னது அந்த நான்கு வரி மட்டும்தான். அதைத்தான் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து, அவள் மேல் உள்ள பிரியத்தால், எடுத்துவிட்டோம். நான் வெளிநாட்டு உதாரணம் வேறு சொன்னேன்.

"கூட்டத்துல ஏங்க்கா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எனக்குப் பாட்டு வேணும்னா, ஏன் வேணும்னு கேப்பாங்க. பாட்டாச் சொன்னாத்தான் சொல்ல முடியும் கண்ணு. பேச்சாச் சொன்னா அது பிராதாயிரும். பிராது குடுக்கற வயசா எனக்கு? வருசத்துக்கு ஒருக்கா அவுங்க காதுல உழுந்துட்டு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"நதியாகிட்டயாவது சொல்லு."

"பாட்டுக்குக் கூட்டிச் சொன்னதுன்னு நெனச்சுட்டு இருக்கறா. நெசம்னு சொன்னா அவங்கப்பன எந்தக் கண்ணால பாப்பா? அவளுக்கு அவரு நல்ல அப்பன்தான். நீயும் சொல்லாத." முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் திரும்பும் நாளில் நதியா என்னைச் செம்மேட்டில் பேருந்து ஏற்றிவிட வந்தாள். வழியெல்லாம் உற்சாகமாகப் பேசினாள். பெரியவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லையாம்.

"நாங்க செஞ்சது சரிதானுங்களே சின்னம்மா?"

சொல்லாதே என்று அக்கா கேட்டுக்கொண்டது நெஞ்சில் இருந்தது. "அம்மாகிட்ட ஒருநாள் உக்காந்து அந்தக் காரவள்ளி கதையக் கேளு" என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டா அம்மா அழுவாங்க. இனிமே அதப் பத்தி ஊட்டுல யாரும் பேசவே கூடாதுன்னு நான் தம்பிகிட்டக்கூடச் சொல்லி வெச்சிருக்கறன்" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு அன்பு இருந்தது. பேருந்து கிளம்பிவிட்டது. வளைவுகளில் இறங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலைசுற்றல் என்று நினைத்துப் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெரியம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

இங்கே திரும்பி வேலைக்கு வந்த முதல் நாள், நோராவின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். ஜனவரியிலேயே போய்விட்டாராம். அவருக்கு அந்தச் செருப்புப் பாட்டு என்னவாக இருந்தது என்று நான் கேட்கவில்லை. வெறும் பழக்கமாகக்கூட இருந்திருக்கலாம். இருக்காமலும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள இனி வழி இல்லை. ஈஃபாவிடம் ஒருநாள் தேநீர் வேளையில் அக்காவின் கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கண் கலங்கக் கேட்டாள். கேட்டு முடித்து என் கையைப் பற்றி, "எவ்வளவு நல்ல காரியம். கடைசியில் உன் அக்காவுக்கு அந்தப் பாட்டிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது" என்றாள். நான் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது முறையும் அவள் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, நானும் அந்த இடத்தில் நின்றுதானே ஊர்க்கூட்டத்தில் பேசினேன்.

அக்காவிடம் வாரம் ஒருமுறை பேசுகிறேன். மிளகு விலை, மழை, நதியாவுக்கு வருகிற வரன்கள். அவள் இப்போது களையெடுக்கும்போதுகூட எதையும் முனகுவதில்லை என்று நதியாதான் சொன்னாள். அம்மா நிம்மதியாக இருப்பதாக அவள் நினைக்கிறாள்.

மார்ச் மாதத்தில், எங்கள் இல்லத்தில் வேலை செய்யும் வெளிநாட்டவர்கள் எல்லோரும் தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்று ஒரு விழா வைத்தார்கள். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி பாடினாள், கேரளத்துப் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். என் முறைக்கு முந்தின வாரம் அக்காவுக்குப் போன் செய்து, பாட்டை முழுவதும் சொல்லக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மாமா வீட்டுக்குள் இருந்ததால் பாடாமல், கடைச் சாமான் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் அடியடியாகச் சொன்னாள். நான் மறந்துபோன அடிகளும் இருந்தன. சொல்லி முடித்து, "அங்க யாருக்காச்சும் புரியுமா?" என்றாள். புரியாது என்றேன். "செரி" என்றாள்.

டே ரூமில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேலே போட்டிருந்த கம்பளிச் சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே நான் குனிந்து நிமிர்ந்து கும்மி சுற்றினேன். மெட்டு துள்ளலான மெட்டு. அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. நடுங்கும் கைகளால், தாளத்துக்கு முன்னும் பின்னுமாகத் தட்டினார்கள். கையப் புடிச்சது சின்னச்சாமி என்று பாடிவிட்டு, பழக்கத்தில் பின்பாட்டுக்காக நின்றேன். சேர்ந்து பாட ஆள் இல்லை. எல்லோரும் புன்னகையோடு என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஈஃபா கதவருகில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் நாலடி பின்னால் போய் நின்று, அதே அடியைப் பின்பாட்டாகத் திருப்பிப் பாடினேன். மறுபடி முன்னால் வந்து வெள்ளையனைப் பாடினேன், பின்னால் போய் அவனைத் திருப்பிப் பாடினேன். கை தட்டல் பலத்தது. அடுத்த அடி அப்பாவுடையது.